படத்தை மாற்றலாம், ஆளை மாற்றலாமா?



சுசீந்திரம் கோபுரத்தை செல்போனில் படம் எடுக்காதவர்கள் நம்ம பாலிடெக்னிக்கில் யாராவது உண்டா? எடுத்த படத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நேரில் 134 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற ஏழு நிலைக் கோபுரம், படத்தில் மட்டும் பின்னாடி மல்லாந்து விழப்போகிற மாதிரி இருக்கும். பக்கத்து லைட் போஸ்ட் கோபுரத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். (நடுவில் ஒரு பெருமை: கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. நம்ம கோபுரம் ஒரு அடி உசத்தி!)

இந்தச் சாய்வை நிமிர்த்த ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டாம், காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டாம், திருட்டு சி.டி.யும் வேண்டாம். இணையத்தில் ஓசியில் கிடைக்கிற கருவிகளே போதும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இங்கே எழுதுவதெல்லாம் செல்போனிலும் நம்ம லேபிலும் விளையாட்டாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது. விளையாடும்போது ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது: இந்தக் கருவி படத்தில் இருப்பதை மாற்றுகிறதா, இல்லாததைக் கொண்டுவந்து வைக்கிறதா?

படம் என்பது வெறும் எண்கள்

1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176 புள்ளி. அவ்வளவுதான். இன்று நம் போன் எடுக்கிற 12 மெகாபிக்ஸல் படத்தில் 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0-லிருந்து 255 வரை. கருப்பு வெள்ளைப் படமென்றால் ஒரே எண் போதும். 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை.

அப்படியானால் படத்தை மாற்றுவது என்றால் என்ன? கணக்குப் போடுவதுதான்! மங்கிப்போன பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் மிகக் கருப்பான இடமே 70-ல் இருக்கிறது, மிக வெள்ளையான இடம் 160-ல் நிற்கிறது. அதனால்தான் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறது. 'லெவல்ஸ்' என்ற கருவி செய்வது இவ்வளவே: ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 70-ஐக் கழி, 255-ஆல் பெருக்கு, 90-ஆல் வகு. 70 இருந்த இடம் 0 ஆகும். 160 இருந்த இடம் 255 ஆகும். நடுவில் 100 இருந்தால் 85 ஆகும். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. சுருங்கிக் கிடந்ததை இழுத்து விரித்தோம், அவ்வளவுதான்.

'ஷார்ப்பன்' கருவியும் இப்படித்தான். ஒரு புள்ளியை 5-ஆல் பெருக்கி, மேலே கீழே இடம் வலம் உள்ள நான்கு புள்ளிகளையும் அதிலிருந்து கழிப்பது ஒரு முறை. சுற்றிலும் எல்லாமே 120 என்றால் 600-ல் 480 போக 120. மாற்றமில்லை. நடுவில் 120 இருந்து, சுற்றிலும் நான்கும் 110 என்றால் 600-ல் 440 போக 160. பத்து வித்தியாசம் ஐம்பதாகிவிட்டது! விளிம்புகள் பளிச்சென்று தெரிவது இதனால்தான். அளவு மீறினால் முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி ஆவதும் இதனாலேதான். ஏனென்றால் புள்ளி எது, புழுதி எது என்று கணக்குக்குத் தெரியாது.

இதையெல்லாம் செய்ய 'கிம்ப்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1996-ல் வெளிவந்தது. செய்தவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள். மாணவர்கள்தான், கவனியுங்கள்! இன்ஸ்டால் செய்ய இடமில்லையென்றால் 'போட்டோபீ' என்ற தளம் போதும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே ஆள் ஆரம்பித்து வளர்த்தது. பிரவுசரில் திறந்தால் போட்டோஷாப் மாதிரியே இருக்கும். போனில் 'ஸ்னாப்ஸீட்'.

கோபுரத்தை நிமிர்த்துவது

நான் சிவில் மாணவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிராயிங் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் படம் வரைந்தபோது, தண்டவாளம் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேர்வதைப் பார்த்தோமல்லவா? கேமராவை நேராகப் பிடித்தால் சுவர்களின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் இணையாகவே இருக்கும். மேல்நோக்கிச் சாய்த்தால் அந்தக் கோடுகளும் தண்டவாளமாகி, வானத்தில் எங்கோ ஒரு புள்ளியைத் தேடிப் போகும். 'பெர்ஸ்பெக்டிவ்' கருவி படத்தின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்து அதைத் திரும்ப இணையாக்குகிறது.

ஆனால் நம் கோபுரத்தில் ஒரு சிக்கல். கோபுரம் கட்டும்போதே மேலே போகப் போகக் குறுகித்தான் கட்டப்பட்டது! அடுக்குமாடிக் கட்டடங்களைப் பார்த்துப் பழகின தானியங்கி வசதி, கோபுரத்தின் சரிந்த ஓரத்தைச் சுவர் என்று நினைத்து நேராக்கிவிட்டால் என்ன ஆகும்? ஏழு நிலைக் கோபுரம் ஏழு மாடி லாட்ஜ் ஆகிவிடும். ஆகவே தானியங்கியை நம்பாமல் கையால் செய்ய வேண்டும். அடித்தளக் கல்லில் இருக்கிற வாசல் நிலையைப் பாருங்கள். அது செங்குத்து. அந்த நிலைக்கால் இரண்டும் படத்தில் இணையாகும் வரை மட்டும் இழுத்து நிறுத்துங்கள். மேலே வருகிற குறுகல் சிற்பியுடையது, கேமராவுடையது அல்ல. பாதி சாய்வு பிழை, பாதி சாய்வு உண்மை. எது எது என்று போனுக்குத் தெரியாது, ரதவீதியில் நடந்த நமக்குத் தெரியும்.

அடுத்து தெப்பக்குளம். ஒரே படத்தில் நான்கு கரையும் நடு மண்டபமும் அடங்காது. இரண்டு மூன்று படமாக எடுத்து ஒட்ட வேண்டும். 'ஹியூகின்' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு மூன்றில் ஒரு பங்காவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து நகராமல் உடம்பை மட்டும் திருப்பி எடுக்க வேண்டும். வெளிச்ச அளவை மாற்றக் கூடாது.

ஒட்டுவது ஏதோ புது விஷயம் என்று நினைக்க வேண்டாம். லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் சுற்றிலும் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது! அதே ட்ரைப் இன்னொரு வேலையும் செய்தார். அந்தக் காலக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வரும். அதனால் நெகட்டிவ்மேல் வண்ணம் தீட்டி, தானே மேகங்களை உண்டாக்கினார். கல்வெட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத வேலை ஒன்று, வானத்தில் இல்லாத மேகத்தை வைத்த வேலை ஒன்று. ஒரே கை, இரண்டு வேலை. இன்றைய கருவிகளும் இந்த இரண்டு ஜாதிதான்.

'ரொம்ப எளிமை' என்று தள்ளப்பட்ட யோசனை

1 கோடியே 20 லட்சம் புள்ளிக்கு மூன்று எண் என்றால் ஒரு படமே 36 எம்.பி. வர வேண்டும். போனில் பார்த்தால் மூன்று, நான்கு எம்.பி.தான். மீதி எங்கே போச்சு?

இங்கேதான் நம் நாட்டு ஆள் ஒருவர் வருகிறார். நசீர் அகமது, பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972-ல் ஒரு கணக்கு முறையை ஆராயப் பணம் கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். பணம் வரவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து! அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதுதான் டி.சி.டி. 1992-ல் வந்த ஜேபெக் முறைக்கு அதுதான் அஸ்திவாரம்.

படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறுவது எவ்வளவு, வேகமாக மாறுவது எவ்வளவு என்று பிரிப்பதே அந்தக் கணக்கு. நம் கண்ணுக்கு வேகமான நுணுக்கங்கள் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம். சுளகில் நெல் புடைப்பது போல. நெல் நிற்கும், பதர் பறக்கும். ரொம்ப வேகமாகப் புடைத்தால் நெல்லும் போகும். அப்போதுதான் படத்தில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இது தெரிந்தால் பரீட்சை விண்ணப்பத்தில் படம் ஏற்ற பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்க வேண்டாம். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 200-க்கு 230 புள்ளி, 20-லிருந்து 50 கே.பி. வரை, கையெழுத்து 10-லிருந்து 20 கே.பி. வரை என்று கேட்பார்கள். (விண்ணப்பிக்கும்போது அந்த வருஷ அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) பலரும் பெரிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்துக் குறைத்துப் பார்க்கிறார்கள். முகம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் புள்ளிகளைக் குறையுங்கள். 200-க்கு 230 என்றால் 46,000 புள்ளிதான். சுருக்காமலேயே 1,38,000 பைட். அதை 50 கே.பி.க்குள் கொண்டுவருவது பெரிய காரியமே இல்லை, முகமும் கெடாது. 2018-ல் கூகுள் ஆட்கள் வெளியிட்ட 'ஸ்க்வூஷ்' தளத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தே குறைக்கலாம். இன்னொன்று: ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பதரோடு நெல்லும் போகும். வேலை முடியும்வரை பி.என்.ஜி.யாக வைத்திருந்து, கடைசியில் ஒரே தடவை ஜேபெக் ஆக்குங்கள். அசல் படத்தில் கை வைக்கவே வேண்டாம்.

பாட்டாவின் முகம்

இனி அந்த இரண்டாவது ஜாதிக்கு வருகிறேன்.

எங்கள் பாட்டாவுக்கு இருப்பது ஒரே படம். ஒரு கல்யாண வீட்டில் இருபது பேரோடு பின்வரிசையில் நிற்கிறார். வயல் வேலை பார்த்தவர். தனியாக ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கிற வழக்கமெல்லாம் அப்போது எங்கள் வீட்டில் கிடையாது. அவர் இறக்கும்போது அப்பாவுக்கு நாலு வயசு. தகப்பனார் முகம் அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் படத்தில் பாட்டாவின் முகம் 6 மில்லிமீட்டர் அகலம். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 142 புள்ளி வரும், அதுவும் மங்கல்.

இதை இரண்டு வழியில் செய்து பார்த்தேன். முதலில் 'முகத்தைத் தெளிவாக்கும்' ஏ.ஐ. ஆப் ஒன்று. பத்து விநாடியில் ஆச்சரியமான படம் வந்தது! கண் இமை முடிகூடத் தெரிகிறது, மீசை சீவின மாதிரி இருக்கிறது. ஆச்சியிடம் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆரு மக்கா? சினிமாக்காரன் கணக்கா இருக்கான். உங்க பாட்டாக்கு இந்த இடது கண்ணு ஒருபொடி சின்னதால்லா இருக்கும். இவனுக்கு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

இரண்டாவதாக, அதே ஸ்கேனை கிம்ப்பில் திறந்து லெவல்ஸ் மட்டும் விரித்து, கீறல்களை மட்டும் துடைத்து, கொஞ்சமே கொஞ்சம் ஷார்ப்பன் செய்து காட்டினேன். மங்கல்தான். இமையும் இல்லை, மீசை முடியும் இல்லை. இடது கண் இருந்த இடத்தில் ஒரு சின்ன நிழல். "இன்னா நிக்காருல்லா!" என்றாள் ஆச்சி. அப்பா ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஏன் இப்படி? அந்த ஆப், லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியது. 'இந்த மங்கலுக்குப் பின்னால் பெரும்பாலும் எப்படி இருக்கும்' என்று ஊகித்து வரைகிறது. பெரும்பாலான ஆளுக்கு இரண்டு கண்ணும் சமம். அதனால் பாட்டாவுக்கும் சமமாக்கிவிட்டது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 'பல்ஸ்' என்ற நிரல் வந்தது. 16-க்கு 16 புள்ளி உள்ள முகத்தை 1024-க்கு 1024 ஆக்கிக் காட்டும். கணக்குப் போடுங்கள்: 256 புள்ளியிலிருந்து 10,48,576. ஒரு புள்ளி உண்மைக்கு 4,096 புள்ளி! முன்னாள் அதிபர் ஒபாமாவின் மங்கல் படத்தை யாரோ அதற்குள் போட, வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம். உலகமே சிரித்தது, சிலர் கோபப்பட்டார்கள். ஒரு நாட்டின் அதிபராக இருந்தவர் முகத்துக்கே இந்தக் கதி. அவர் முகம் நமக்குத் தெரியும், அதனால் கண்டுபிடித்தோம். எங்கள் பாட்டாவைத் தெரிந்தவள் ஆச்சி ஒருத்திதான்.

கலர் ஆக்கும் கருவிக்கும் இதே கதை. கலர் படம் கருப்பு வெள்ளையாகும்போது வழக்கமான சூத்திரம்: சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். முழுச் சிவப்பு 255 என்றால் விடை 76. பச்சை 130 என்றாலும் விடை 76! அப்படியானால் படத்தில் 76 என்று இருக்கிற கல்யாணச் சேலை சிவப்பா, பச்சையா? எந்தக் கருவியாலும் அந்த ஒரு எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ஊகம்தான். விளையாட்டுக்குச் செய்யலாம், எனக்கும் பிடிக்கும். சுவரில் மாட்டும் முன் அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓசியில் கிடைப்பதற்கு விலை

2025 மார்ச்சில் எல்லோரும் ஜிப்லி கார்ட்டூன் ஆனார்கள். செப்டம்பரில் எல்லோரும் சேலை கட்டி, தலையில் பூ வைத்து நின்றார்கள். நம் வகுப்பில் மீசை வைத்த சிலரும்! சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கருவிகளில் படம் நம் போனைவிட்டு வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ போகிறது. கிம்ப், போட்டோபீ, ஸ்க்வூஷ் போன்றவை நம் கையில் உள்ள கருவியிலேயே கணக்குப் போடுகின்றன. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: தளம் திறந்தபிறகு நெட்டை ஆஃப் செய்துவிட்டு, அதன் பிறகு படத்தைத் திறந்து பாருங்கள். வேலை நடந்தால் படம் எங்கேயும் போகவில்லை. 'இணைப்பு இல்லை' என்று கத்தினால் படத்தை வெளியே அனுப்பித்தான் வேலை நடக்கிறது.

தோழிகளுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். ஆகவே சொல்ல வேண்டியது பையன்களுக்கு. வகுப்புத் தோழியின் படத்தை அவரைக் கேட்காமல் எந்த ஆப்பிலும் போடாதீர்கள், சேலை கட்ட வைப்பதற்குக்கூட. யாருடைய படமாவது தவறாக மாற்றப்பட்டுச் சுற்றினால் சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது.

ஒரு சின்னத் தகவலும்: போன் படத்துக்குள் எடுத்த நாள், சில சமயம் எடுத்த இடம்கூடப் பதிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும், இடமும் கூடவே போகும். பிரிண்ட் போட அனுப்பும்போது டாக்குமெண்ட். முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது யோசித்து.

பொங்கல் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுவரிலிருந்து பழைய படங்களை இறக்குவார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கிப் பாதுகாத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடியோடு படம் எடுத்தால் உங்கள் நிழல்தான் விழும். கண்ணாடியை நீக்க முடிந்தால் நீக்குங்கள். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே சரிவான வெளிச்சத்தில் எடுங்கள். வெயில் நேரே விழாத திண்ணையில் வைத்து, போனைப் படத்துக்கு இணையாகப் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம். ஸ்கேனர் கிடைத்தால் 600 டி.பி.ஐ. போதும். எடுத்து முடித்ததும் ஆச்சிமாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்து அதே போல்டரில் போடுங்கள். அசல் படத்தின் பின்புறம் எழுதுவதாக இருந்தால் பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல்.